சாயம் குடித்த பாசி

எங்கள் ஒழுங்கையில் பதினேழு வீடுகள். கிணறுகள் பதினாறு. குடிக்கக் கூடிய தண்ணீர் அவற்றில் ஒன்றே ஒன்றில்தான். மற்றப் பதினைந்தும் உப்புச் சவர். குளிக்கலாம், உடுப்புத் தோய்க்கலாம், தேத்தண்ணீர் வைத்தால் வாயில் வைக்க முடியாது. நல்ல தண்ணீர்க் கிணறு ஒழுங்கையின் தலைப்பில், புகையிலையும் கத்தரியும் செய்கிற ஒரு தோட்டக்காரரின் காணிக்குள் இருக்கிறது. காணி அவருடையதுதான் என்றாலும், அவருடைய தகப்பனார் காலத்திலேயே வேலியில் ஆள் நுழையக் கூடியதாக ஒரு பொட்டு விட்டுவிட்டார்கள். காலையும் பின்னேரமும் ஒழுங்கை முழுவதும் அந்தப் பொட்டுக்குள்ளால் போய் அள்ளிக்கொண்டு வரும். எங்கள் வேலிப் படலையிலிருந்து அந்தக் கிணற்றுக் கட்டு வரை இருநூற்று நாற்பது காலடி. முழங்கால் நோ வந்த பிறகு இருநூற்று எழுபது ஆகிவிட்டது. தூரம் அதேதான், என் அடிதான் சிறுத்துவிட்டது.

எங்கள் ஊர் சண்டிலிப்பாயில் மண்ணுக்கு ஆழம் இல்லை. எங்கள் வளவின் பின்பக்கத்தில் கிடங்கு வெட்டியபோது நான் பக்கத்தில் நின்று அளந்தேன். மூன்றடி நான்கு அங்குலத்தில் இரும்பு அலவாங்கு கல்லில் மோதியது. அந்தக் கல்லும் முழுக் கல் அல்ல, பேக்கரிப் பாண் துண்டு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும். மேலே ஊற்றுவது எதுவும் அதில் தங்காது. எந்த ஓட்டையால் இறங்கி, எந்தப் பக்கம் ஓடி, யாருடைய வாளியில் ஏறும் என்று யாராலும் சொல்ல முடியாது. இது எனக்குத் தெரியாத விஷயம் அல்ல. முப்பத்து மூன்று வருடம் ஒரு கல்லூரியின் இரசாயன ஆய்வுகூடத்தில் உதவியாளனாக இருந்தவன் நான். படிப்பித்தவன் அல்ல, குடுவை கழுவி, அமிலம் அளந்து, போத்தல்களில் பெயர் ஒட்டியவன். ஆனாலும் ஒழுங்கையில் என்னை மாஸ்ரர் என்றுதான் சொல்வார்கள்.

எல்லாம் தெரிந்திருந்தும், மருமகள் சாயத் தண்ணீரை அந்தக் கிடங்கில் ஊற்றிக்கொண்டிருந்த நான்கு வருடமும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

மருமகள் என்றால் என் மகனின் மனைவி. மகன் கட்டாரில் வேலை செய்கிறான். அவள் எங்களோடு இருந்துகொண்டு பனை ஓலைக்குச் சாயம் போடுகிறாள். கிழித்துச் சீராக்கிய குருத்தோலைச் சார்களை ஆறு அலுமினியப் பானைகளில் சாயத்தூளோடு அவித்து, கொடியில் காயவிட்டு, கட்டுக் கட்டாகக் கொழும்புக்கு அனுப்புவாள். அங்கிருந்து அது வெளிநாட்டுக்குப் போய் கூடையாகவும் தொப்பியாகவும் மாறுகிறதாம். மூன்று பெண்கள் அவளிடம் வேலைக்கு வருகிறார்கள். நாளுக்கு ஐந்து அவியல். ரோஸ், பச்சை, நீலம், ஊதா. ஓலை குடித்தது போக மிச்சச் சாயம் முழுவதும் தண்ணீரிலேயே நிற்கும். அதுதான் கிடங்குக்குப் போனது.

போன சித்திரையில், கிணறுகள் எல்லாம் அடி தெரிய வற்றியிருந்த நேரத்தில், பக்கத்து வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் ரோஸ் நிறமாக வந்தது. அது சவர்க் கிணறு, குளிக்கிற தண்ணீர். என்றாலும் அன்று பின்னேரமே எங்கள் படலையில் ஏழு பேர் நின்றார்கள். முன்னால் நின்றவர் தோட்டக்காரர்.

"பிள்ளை, நாங்கள் சண்டைக்கு வரேல்லை," என்று மருமகளைப் பார்த்துச் சொன்னார். "உன்ரை ஓலைத் தண்ணி இவையின்ரை கிணத்துக்கு வந்திட்டுது. நாளைக்கு நல்ல தண்ணிக் கிணத்துக்கு வந்தால் பதினேழு வீடும் எங்கை போறது?"

பக்கத்து வீட்டு மனுசி கையை ஆட்டிக்கொண்டு முன்னுக்கு வந்தாள். "காலமை இவர் குளிச்சிட்டு வந்து நிக்கிறார், புது மாப்பிள்ளை மாதிரி ரோஸ் நிறத்திலை. அறுபத்தினாலு வயதிலை! தோய்ச்ச வேட்டியைப் பாத்தால் என்ரை பாவாடையை விட வடிவாக் கிடக்கு."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். தோட்டக்காரர் சிரிக்கவில்லை.

"நான் நிப்பாட்டினால் மூண்டு பேருக்கு வேலை இல்லாமல் போகும், அங்கிள்," என்றாள் மருமகள்.

"நிப்பாட்டச் சொல்லேல்லை. நிறம் இல்லாத தண்ணியெண்டால் ஊத்து. நிறத்தோடை ஒரு சொட்டும் நிலத்துக்கை போகக் கூடாது. அவ்வளவுதான்."

எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். நிறம் இல்லாவிட்டால் நல்லது என்ற அந்தக் கணக்கு அன்று எங்கள் படலையில் வைத்து எழுதப்பட்டது. அதைத் திருத்தக் கூடியவன் அந்தக் கூட்டத்தில் நான் ஒருவன்தான். நான் திருத்தவில்லை.

என் தம்பியின் மகள், என் பெறாமகள், பல்கலைக்கழகத்தில் தண்ணீரைப் பற்றி ஆராய்கிறவள். அவளுக்குத் தொலைபேசி எடுத்தேன். பழுப்பு நிறக் கடற்பாசியைக் கழுவிக் காயவைத்து, சிறிதாக வெட்டி, சாயத் தண்ணீரை அதற்கூடாக மெல்ல மெல்ல வடியவிட்டால் பாசி சாயத்தைப் பிடித்துக்கொள்ளும் என்றாள். ஓலைக்குப் போடுகிற மாதிரிச் சாயங்கள் அதில் நன்றாக ஒட்டுமாம். முதலில் உப்புப் போகக் கழுவ வேண்டும், உப்பு இருந்தால் சாயம் ஒட்டாது என்றாள். பிறகு இன்னொன்றும் சொன்னாள்.

"பெரியப்பா, பாசி சாயத்தை அழிக்காது. பிடிச்சு வைச்சிருக்கும், அவ்வளவுதான். களைச்சுப்போன பாசியை மழை படாமல், மண்ணிலை முட்டாமல் வையுங்கோ. அதை எரிக்கிறதுக்கு நாங்கள் ஒரு ஒழுங்கு செய்யிறம்."

"அதை நான் பாக்கிறன் பிள்ளை," என்றேன்.

மாதகல் கடற்கரைக்கு ஒரு சிறு லொறி பிடித்துக்கொண்டு போனேன். காற்றுக்கு ஒதுங்கிய பாசி கரையில் முழங்காலளவு உயரத்துக்கு வரிசையாகக் கிடந்தது. வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு கடற்றொழிலாளி வந்து எனக்கு உரப்பையைப் பிடித்துத் தந்தார்.

"உது என்னத்துக்கு ஐயா, புகையிலைக்கோ?"

"இல்லை, தண்ணி வடிக்க."

"தண்ணி வடிக்கவோ?" அவர் தன் கூட்டாளியைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டியே, கடலிலை கிடந்து நாறினதாலை குடிதண்ணி வடிக்கப் போறாராம். சண்டிலிப்பாயிலை எல்லாருக்கும் சுகமோ ஐயா?"

அவர் முதலில் கேட்டதில் தவறில்லை. எங்கள் பகுதித் தோட்டக்காரருக்குக் கடற்பாசி என்றால் பசளை. இலை, குழை, சாணம், பாசி, எது கிடைத்தாலும் பாத்தியில் நீளப் பள்ளமாகக் கான் வெட்டித் தாழ்ப்பார்கள். மூன்றடி மண்ணில் தோட்டம் செய்கிறவன் எதையும் எறிய மாட்டான். ஒரு வீட்டு வேலியோரம் பசளை குவிந்து கிடந்தால், பக்கத்துக் காணிக்காரன் கேட்பதும் இவன் கொடுப்பதும் ஒரு நெருப்புக்குச்சி கேட்கிற மாதிரி.

பதினெட்டு உரப்பை கொண்டுவந்தேன். நான்கு தண்ணீர் மாற்றிக் கழுவினேன். எங்கள் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். அதில் கழுவிய பாசி வழவழப்பாகக் கரையாமல் விறைத்து நின்றது, அது நல்லதாகப் போயிற்று. மூன்று பிளாஸ்ரிக் பீப்பாக்களைக் கல் அடுக்கிப் படிபோல் வைத்தேன். முதலாவதில் சாயத் தண்ணீர் ஆறும். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் அடியில் கல், அதன்மேல் துணி, அதன்மேல் பாசி. கடைசிப் பீப்பாவின் குழாயை நிமிடத்துக்கு நாற்பது சொட்டு விழக் கூடியதாகத் திருகி வைத்தேன். கதிரையைப் போட்டு, மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு எண்ணினேன். நாற்பத்தைந்துக்கு மேல் போனால் நிறம் தப்பி வந்துவிடும்.

"கோயிலிலை இருந்து நாமம் எண்ணினாலும் புண்ணியம்," என்றாள் என் மனைவி. "இஞ்சை இருந்து சொட்டு எண்ணுது மனுசன்."

முதல் நாள் விழுந்த தண்ணீரை, ஓய்வு பெற்றபோது ஆய்வுகூடத்தில் தந்த ஓர் உயரமான அளவுசாடியில் பிடித்தேன். வாய் விளிம்பு உடைந்தது என்று கழித்துவிட்டதைத்தான் தந்தார்கள். அடியில் வெள்ளைக் கடுதாசி வைத்து, மேலிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தால் கிண்ணத்தில் தெரியாத நிறமும் தெரியும். ஒன்றும் தெரியவில்லை. ஒழுங்கை முழுவதும் வந்து ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து பார்த்தது. தோட்டக்காரரும் வந்தார். அவர் இரண்டு தரம் பார்த்தார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு போய்விட்டார். சித்திரைக்குப் பிறகு அவர் என்னோடு கதைப்பதில்லை.

பாசி பழுப்பாக உள்ளே போய், கருநீலமாக வெளியே வந்தது. கையில் பிடித்தால் ரேகை ரேகையாக ஒட்டும். சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாலும் இரண்டு நாளைக்குப் போகாது. பதினொரு நாளுக்கு ஒருமுறை மாற்றினேன். களைத்த பாசியைக் கொட்டிலுக்குள் பலகை மேல் காயவைத்து உரப்பையில் கட்டினேன். வைகாசியில் இரண்டு, ஆனியில் மூன்று, ஆடியில் மூன்று, ஆவணி முடிய எல்லாமாகப் பதினொன்று, புரட்டாசி நடுவில் பதினான்கு. காலையில் எழுந்து முதலில் போய் அவற்றைத்தான் எண்ணுவேன். பெறாமகளுக்கு நான்கு தரம் தொலைபேசி எடுத்தேன். எரிக்கிற இடத்துக்கு அனுமதி வரவில்லை, வரும், வரும் என்றாள். மேற்கே காலையிலும் மேகம் கட்டத் தொடங்கியிருந்தது. கொட்டில் கூரையில் ஒழுக்கு மூன்று.

ஒருநாள் பின்னேரம் தோட்டக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"மாஸ்ரர் அண்ணை, சுகமாயிருக்கிறியளோ?"

ஐந்து மாதத்துக்குப் பிறகு அவர் என்னோடு கதைத்த முதல் சொல் அது. நான் கதிரையிலிருந்து எழும்பிவிட்டேன்.

"ஓம் தம்பி. நீர் எப்பிடி?"

"இருக்கிறம். மகள் வந்து நிக்கிறாள், தலைப்பிள்ளைக்கு. ஏழாம் மாசம்." அவர் கொட்டிலைப் பார்த்தார். "உதுக்குள்ளை பாசிதானே கிடக்கு? உங்களுக்கு இனி என்னத்துக்கு? கத்தரிக்குப் பாத்தி கட்டிறன். பசளை காணாது."

பதில் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் எடுத்தது என்று நான் எண்ணவில்லை. கூடாது என்று சொன்னால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால், நான்கு வருடம் கிடங்குக்குப் போனதைவிடக் கெட்டியான சாயம் இப்போது பதினான்கு பைகளில் எங்கள் வளவுக்குள் கட்டிக் கிடக்கிறது என்று அவருக்குத் தெரியும். திரும்பவும் படலையில் ஏழு பேர் நிற்பார்கள். இவையெல்லாம் அந்த நேரத்தில் என் மனதில் ஓடின. அதோடு இன்னொன்றும்: அவர் என்னைப் பார்த்துச் சிரித்திருந்தார்.

"எடுத்துக்கொண்டு போம்," என்றேன்.

அவர் தள்ளுவண்டி கொண்டுவந்து மூன்று தரமாக ஏற்றினார். ஐந்து, ஐந்து, நான்கு. போகும்போது, "முதல் கத்தரிக்காய் உங்களுக்குத்தான்," என்று சொன்னார். மருமகள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, அது குடுக்கலாமோ?"

"காய்ஞ்ச பாசிதானே," என்றேன்.

மறுநாள் போய்ப் பார்த்தேன். ஆறு பாத்திகளில் கான் வெட்டித் தாழ்த்து மண் மூடிவிட்டார். கடைசிப் பாத்தியிலிருந்து நல்ல தண்ணீர்க் கிணற்றுக் கட்டுக்கு என் காலடியில் இருபத்தொன்று. அவருடைய மகள் கிணற்றடியில் நின்று குடத்தை இடுப்பில் ஏற்ற முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் போய்க் குடத்தைத் தூக்கி அவர்களுடைய குசினி வாசலில் வைத்துவிட்டு வந்தேன். அந்தக் குடத்துத் தண்ணீர் அன்று நல்ல தண்ணீர்தான். மழை இன்னும் வரவில்லை.

ஐப்பசி பிறந்து நான்காம் நாள் மாரி தொடங்கியது. நான் ஒரு வெறும் ஜாம் போத்தலை முற்றத்தில் வைத்து மழையை அளந்தேன். முதல் நாள் ஒரு விரல். மூன்றாம் நாள் நான்கு விரல். ஒவ்வொரு நாள் காலையிலும் அளவுசாடியையும் வெள்ளைக் கடுதாசியையும் பையில் போட்டுக்கொண்டு கிணற்றடிக்குப் போய், மற்றவர்கள் வரமுன் ஒரு வாளி அள்ளிப் பார்த்தேன். தண்ணீர்மட்டம் நாளுக்கு நாள் ஏறியது. கிணற்றின் உட்கட்டில் கல் வரிசைகள் பத்தொன்பது தெரிந்தது பதினாறாயிற்று, பதின்மூன்றாயிற்று. பாத்திகளுக்கிடையில் தண்ணீர் தேங்கி நின்றது. கத்தரி நாற்றுகள் நன்றாகத் தளிர்த்திருந்தன.

ஒன்பதாம் நாள் சாடிக்குள் ஏதோ தெரிந்தது. நீலம் என்று சொல்ல முடியாது. வெள்ளைத் துணிக்கு நீலம் போட்டு மூன்றுதரம் அலசிய பிறகு மிஞ்சுமே, அந்தளவு. கடுதாசியைத் திருப்பிப் போட்டேன். கண்ணாடியைத் துடைத்தேன். வேறு வாளி அள்ளினேன். அதுவும் அப்படித்தான்.

அதற்குள் பக்கத்து வீட்டு மனுசி குடத்தோடு வந்துவிட்டாள். "என்ன மாஸ்ரர், கிணத்துக்கை ஆரும் விழுந்திட்டினமோ, உப்பிடிப் பாக்கிறியள்?"

"இல்லைப் பிள்ளை, சும்மா," என்றேன். அவள் இரண்டு குடம் அள்ளிக்கொண்டு போனாள்.

பத்தாம் நாள் அது இல்லை. பதினோராம் நாளும் இல்லை. பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு. சாடியில் தண்ணீர் கண்ணாடி போலத் தெளிந்து நின்றது. வேறொருவனுக்கு நிம்மதி வந்திருக்கும். நான் சாடியைக் கொட்டிவிட்டுத் திரும்பவும் அள்ளினேன். சாயம் எங்கே போயிருக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஆய்வுகூடத்தில் நீலச் சாயம் விட்ட குடுவையை, உள்ளே எதையாவது அழுகவிட்டு இறுக்கி மூடி வைத்தால், சில நாளில் நீலம் காணாமல் போகும். பிள்ளைகள் மாயவித்தை என்று கை தட்டுவார்கள். மூடியைத் திறந்து குலுக்கினால் நீலம் திரும்பி வரும். காற்றுப் படாத சேற்றில் சில சாயங்கள் அப்படி நிறத்தை மட்டும் மறைத்துக்கொள்ளும். சில சாயங்கள் திரும்பி வரவே மாட்டா, உடைந்து போய்விடும். உடைந்த துண்டுகளுக்கு நிறமே இல்லை. சில துண்டுகள் முழுச் சாயத்தைவிடப் பொல்லாதவை. நாங்கள் கண்ணை நம்பித்தான் கிணற்றைக் காவல் வைத்திருந்தோம். இப்போது கண்ணுக்கு வேலை இல்லை.

பதினைந்தாம் நாள் மழை கொஞ்சம் வெளித்தபோது தோட்டக்காரரிடம் போனேன். அவர் வரம்பில் நின்று தண்ணீரை வெட்டிவிட்டுக்கொண்டிருந்தார். பாசியைத் தோண்டி எடுக்க வேண்டும் என்று சொன்னேன். முதலில் அவருக்கு விளங்கவில்லை. திரும்பவும் சொன்னேன். அவர் மண்வெட்டியை எடுத்துக் கடைசிப் பாத்தியின் நடுவில் ஒரே கொத்தாகக் கொத்திப் புரட்டினார். மூன்று நாற்றுகள் சரிந்தன. வெளியே வந்தது கறுத்த சேறு. அதில் பாசி எது, மண் எது என்று பிரிக்க முடியவில்லை. முட்டை அழுகிய மணம்.

"எங்கை அண்ணை உங்கடை சாயம்?"

"நிறம் போயிட்டுது. சாயம் போகேல்லை."

"நிறம் இல்லாமல் என்ன சாயம்?" அவர் சேற்றைக் கையில் அள்ளி என் முகத்துக்கு நேரே நீட்டினார். "நீங்கள்தானே சாடியை வைச்சு ஊருக்கெல்லாம் காட்டினியள், நிறம் இல்லாட்டி நல்ல தண்ணியெண்டு. நான் ரெண்டு தரம் குனிஞ்சு பாத்தன். இப்ப நிறம் இல்லாதது கூடாதெண்டு வந்து நிக்கிறியள்."

"அது பிழை, தம்பி. அண்டைக்கே சொல்லியிருக்க வேணும்."

"பாசியைத் தரேக்கையும் தெரியுமோ?"

"தெரியும்."

அவர் சேற்றை உதறிவிட்டுக் கையைச் சாரத்தில் துடைத்தார். குசினி வாசலில் அவருடைய மனைவியும் மகளும் வந்து நின்றதை நான் அப்போதுதான் கண்டேன். மகளின் கையில் ஒரு செம்பு இருந்தது.

"தெரிஞ்சுகொண்டு ஏன் தந்தனீங்கள்?"

"கன நாளைக்குப் பிறகு நீர் என்னோடை கதைச்சீர்," என்றேன்.

அவர் குசினி வாசலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "நீங்கள் வயது போனனீங்கள். எண்ணி எண்ணித் தலை கெட்டுப்போச்சு. இதை ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. கிணத்தை மூடினால் ஒழுங்கை முழுக்க என்ரை படலையிலைதான் வந்து நிக்கும். போயிட்டு வாங்கோ."

நான் சொன்னேன். அன்றைக்கும் மறுநாளுமாக ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொன்னேன். மருமகளும் கூட வந்தாள். அவள் அன்று காலையே அடுப்பை அணைத்து, பானைகளைக் கவிழ்த்து, மூன்று பெண்களையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். ஒவ்வொரு படலையிலும் எனக்குப் பின்னால் இரண்டு அடி தள்ளி நின்றாள்.

"தண்ணி கண்ணாடி மாதிரிக் கிடக்கு, மாஸ்ரர்," என்று எல்லா வீட்டிலும் சொன்னார்கள். ஒரு வீட்டில் எனக்கே அதில் தேத்தண்ணீர் போட்டுத் தந்தார்கள். பக்கத்து வீட்டு மனுசி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்: "சித்திரையிலை ரோஸ் எண்டு பயந்தம். இப்ப ஒண்டுமில்லை எண்டதுக்கும் பயப்பட வேணுமோ? அப்ப எதுக்குத்தான் பயப்படாமல் இருக்கிறது?"

பெறாமகளுக்கு மூன்று போத்தல் தண்ணீரை பஸ்ஸில் கொடுத்து அனுப்பினேன். அன்றிரவே தொலைபேசி எடுத்தாள். தேடுகிற பொருள் இன்னதென்று தெரியாமல் தேட வேண்டும், அதற்குரிய கருவிக்கு முறை வர ஐந்து கிழமையாவது செல்லும், அதுவரை அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம் என்றாள். பாசியை என்ன செய்தேன் என்று கேட்டாள். சொன்னேன். அவளுக்குப் பின்னால் யாரோ சிரித்துக் கதைக்கிற சத்தம் கேட்டது. "சரி பெரியப்பா, நான் பிறகு எடுக்கிறன்," என்று வைத்துவிட்டாள்.

இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு கோயில் கிணறு இருக்கிறது. அங்கும் நல்ல தண்ணீர். மறுநாளிலிருந்து சைக்கிளில் இரண்டு பிளாஸ்ரிக் கான் கட்டிக்கொண்டு போனேன், பத்து லீற்றர்க் கான்கள். ஒன்று எங்கள் வீட்டுக்கு. மற்றதைத் தோட்டக்காரர் வீட்டுக் குசினி வாசலில் வைத்துவிட்டு, யாரையும் கூப்பிடாமல் திரும்பினேன்.

முதல் நாள் அது அப்படியே இருந்தது. இரண்டாம் நாளும் மூடி திறக்கவில்லை. அதைக் கத்தரிக்கு ஊற்றிவிட்டுப் புதியதை வைத்தேன். தோட்டக்காரர் வரம்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாம் நாள் கான் வெறுமையாக, கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. கிணற்றடியில் அவருடைய மனைவி வாளியால் அள்ளிக்கொண்டு நின்றாள். என்னைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அள்ளிய தண்ணீரை மாட்டுத் தொட்டியில் ஊற்றினாள்.

எட்டாம் நாள் காலையில் எங்கள் படலையடியில் ஒரு வெறுங்கான் இருந்தது. பிடியில் நீலக் கயிறு. பக்கத்து வீட்டினுடையது. யார் வைத்தது, எப்போது வைத்தது என்று தெரியவில்லை. அன்று பின்னேரமும் அந்த மனுசி வழக்கம் போலக் குடத்தோடு வேலிப் பொட்டால் நுழைந்து போனாள். "என்ன மாஸ்ரர், இண்டைக்கு எத்தினை சொட்டு எண்ணினியள்?" என்று கேட்டாள். நான் அவளுடைய கானைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நிரப்பி அதே இடத்தில் வைத்திருந்தேன். இருட்டுப்படமுன் அது போய்விட்டது.

பிறகு இரண்டு கான்கள். பிறகு நான்கு. கார்த்திகை விளக்கீட்டுக்கு அடுத்த நாள் ஒன்பது. எது யாருடையது என்று எனக்குத் தெரியும். மூடியாலும் கயிற்றாலும் தெரியும். ஒழுங்கையில் இதைப் பற்றி ஒருவரும் ஒருவரோடும் கதைப்பதில்லை. கிணற்றடியில் அதே சிரிப்பு, அதே ஊர்க்கதை. அள்ளுகிற குடங்களின் எண்ணிக்கையும் குறையவில்லை. ஆனால் இப்போது யாரும் அங்கே நின்றபடி கை குவித்துக் குடிப்பதில்லை. நான் நான்கு நாள் தொடர்ந்து பார்த்தேன். ஒருவர் கூட இல்லை.

மருமகள் தன் சைக்கிளையும் எடுத்தாள். என்னுடையதில் இரண்டு, அவளுடையதில் இரண்டு. ஒன்பது கானுக்கு மூன்று நடை. தோட்டக்காரர் வீட்டுக் கானைத்தான் முதல் நடையில் கொண்டுபோவோம். மகளின் பிள்ளைப்பேற்றுக்கு இன்னும் மூன்று கிழமை இருக்கிறது என்று அவருடைய மனைவி மருமகளிடம் சொன்னாளாம். தண்ணீர்ச் சோதனை முடிவு இன்னும் வரவில்லை. நான் பெறாமகளுக்குத் தொலைபேசி எடுப்பதை நிறுத்திவிட்டேன். அவளும் எடுக்கவில்லை.

நேற்று இரண்டாம் நடையில் கோயில் கிணற்றடியில் கான்களை நிரப்பிக்கொண்டிருந்தபோது, அந்த ஊர்ப் பெண் ஒருத்தி வாளியோடு வந்தாள். எங்கள் நான்கு கான்களையும் பார்த்தாள்.

"ஐயா, உங்கடை பக்கத்துக் கிணறு வத்திப்போச்சோ?"

"இல்லைப் பிள்ளை. இந்த மாரிக்கு நல்லா ஊறியிருக்கு."

"சவராப் போச்சோ?"

"இல்லை. நல்ல தண்ணி."

"அப்ப ஏன் இவ்வளவு தூரம் வாறியள்?"

மருமகள் என்னைப் பார்த்தாள். நான் மூடியைத் திருகிக்கொண்டே, எங்கள் வளவில் ஓலைக்குச் சாயம் போட்டதிலிருந்து தொடங்கிச் சொன்னேன். பாசி, பாத்தி, மழை, ஒன்பதாம் நாள், பத்தாம் நாள், எதையும் விடவில்லை. அவள் கடைசிவரை கேட்டாள். பிறகு கிணற்றுக் கட்டில் சாய்ந்து, உள்ளே கண்ணாடி மாதிரி நின்ற தண்ணீரை எட்டிப் பார்த்தாள். நாங்கள் நான்கு கானையும் கட்டிச் சைக்கிளை உருட்டத் தொடங்கியபோதும் அவள் வாளியை இறக்கவில்லை. கயிறு அவள் கையில் சுருட்டியபடியே இருந்தது.